ஐம்பத்தாறு என்பது ஆண்டல்ல



மேடையில் எனக்குப் பக்கத்தில் இன்னொரு பேச்சாளர் நிற்கிறார். மைக் கேட்காத பேச்சாளர். பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று. நீல நிறம், வளைந்த ஹேண்டில்பார். மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கூடக் கிடையாது. அதனால்தான் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம். இன்றைக்கு நான் பேசப்போவது கொஞ்சம், அதைப் பேசவைக்கப் போவதுதான் அதிகம்.

கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. என் நண்பர் ஒருவர் மிலான் நகரத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். திரும்பும்போது இந்தச் சைக்கிளைக் கழற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்துவிட்டார். குழாயின் மேல் பெரிய எழுத்தில் ‘கோல்நாகோ’ என்று ஸ்டிக்கர். ஒருநாள் இரவு பத்தரை மணிக்குக் கூப்பிட்டார். குரல் நடுங்குகிறது.

“சார், வண்டியைத் தலைகீழாக் கவுத்துப் பார்த்தேன். அடியில 56-னு இரும்புல அடிச்சிருக்கு. 1956-ஆம் வருஷத்து வண்டி சார்! கோல்நாகோ பட்டறை ஆரம்பிச்சதே 1954-லதான். ஆரம்பிச்ச ரெண்டே வருஷத்துல கட்டின வண்டி நம்ம கையில இருக்கு!”

நான் கேட்டேன்: “வீட்டில் இஞ்சு டேப் இருக்கா?”

“இருக்கு.”

“சீட்டுக்குக் கீழே இறங்குற குழாய் இருக்கில்லையா, அதைப் பெடல் அச்சோட நடுவிலேர்ந்து மேல் நுனி வரைக்கும் அளந்து சொல்லுங்க.”

டேப் தேடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சின்னக் குரலில் சொன்னார்: “ஐம்பத்தாறு சென்டிமீட்டர் சார்.”

நண்பர்களே, அந்த 56 வண்டியின் வயதல்ல, வண்டியின் உயரம். சட்டைக் காலரில் 40 என்று போட்டிருந்தால் அது 1940-இல் தைத்த சட்டையா? சிரிக்கிறீர்கள். ஆனால் இந்தத் தப்பைச் செய்தவர் என் நண்பர் மட்டுமில்லை. 52 என்று பார்த்துவிட்டு 1952 என்று நம்பியவர்களும், 58-ஐப் பார்த்துவிட்டுக் கூடுதல் விலை கொடுத்தவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இன்றைய தலைப்பு இதுதான்: பழைய இத்தாலிய ரேஸ் சைக்கிள் ஒன்று கைக்கு வந்தால், அதன் வயதை எப்படிச் சொல்வது? அதன் மாடலை எப்படிச் சொல்வது? கல்வெட்டே இல்லாத கோயிலுக்குக் காலம் சொல்ல வேண்டுமென்றால் என்ன செய்கிறார்கள்? தூணைப் பார்க்கிறார்கள், தூணுக்கு மேலே போதிகை எப்படி வளைந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். போன மாதம் அடித்த சுண்ணாம்பைப் பார்த்துக் காலம் சொல்வதில்லை. சைக்கிளிலும் நாம் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுத் தூணுக்குப் போகவேண்டும். ஸ்டிக்கர் கடைசி. இரும்பு முதல்.

சரி, ஸ்டிக்கரை ஏன் நம்பக் கூடாது? எங்கள் வண்டியையே எடுத்துக்கொள்வோம். கோல்நாகோ என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம் இருக்கிறது, பாருங்கள். சீட்டாடுகிறவர்களுக்குச் சட்டென்று தெரியும். கிளாவர். மூன்று இதழ், ஒரு காம்பு. இந்தக் கிளாவர் கோல்நாகோவுக்கு எப்போது வந்தது தெரியுமா?

1970 மார்ச் மாதம். மிலானில் புறப்பட்டுக் கடற்கரை ஊரான சான் ரெமோவில் முடிகிற பந்தயம். கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர். இத்தாலிக்காரர்கள் தங்கள் சொந்தப் பந்தயமாக நினைப்பது. ஆனால் 1953-க்குப் பிறகு 17 ஆண்டுகளாக ஓர் இத்தாலியரும் ஜெயிக்கவில்லை. பெல்ஜியம்காரர் வருகிறார், ஜெயிக்கிறார், போகிறார். அந்த ஆண்டு மிக்கேலே தான்செல்லி என்ற வீரர் தனியாகப் பிரிந்து போய், தனியாகவே வந்து ஜெயித்தார். கோட்டைத் தாண்டியதும் அழுதுவிட்டார். அவர் ஏறி வந்தது எர்னெஸ்தோ கோல்நாகோ கட்டிக்கொடுத்த சைக்கிள். சான் ரெமோ பூக்களுக்குப் பேர்போன ஊர். நாம் கிளாவர் என்று சொல்லும் சீட்டுக்கு இத்தாலிய மொழியில் ‘பூ’ என்றே பெயர். அந்த வெற்றிக்குப் பிறகுதான் கிளாவர் கோல்நாகோவின் சின்னம் ஆனது.

அப்படியானால் என்ன அர்த்தம்? 1956-ஆம் ஆண்டு வண்டியில் 1970-க்குப் பிறகு பிறந்த சின்னம் எப்படி ஒட்டும்? ஒன்று, வண்டி 1956 இல்லை. அல்லது, ஸ்டிக்கர் அந்த வண்டியோடு பிறந்தது இல்லை. இரண்டும் உண்மையாக இருக்கவும் இடமுண்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

ஸ்டிக்கர் பொய் சொல்வதற்கு விற்பவர்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். பிறக்கும்போதே பொய்ப் பெயரோடு பிறந்த சைக்கிள்கள் உண்டு. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற சைக்கிள்களில் ஒன்றே அப்படித்தான். 1972 அக்டோபர் 25. மெக்சிகோ நகரம். பந்தய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார். அந்தச் சைக்கிளைக் கட்டியவர் கோல்நாகோ. ஆறு கிலோ கூட இல்லை அதன் எடை. கைப்பிடிக் கட்டையில் கூட ஓட்டை போட்டு எடை குறைத்தார்கள். ஆனால் குழாயின் மேல் எழுதியிருந்த பெயர் என்ன? ‘விண்ட்சர்’. அது ஒரு மெக்சிகோ நாட்டுச் சைக்கிள் கம்பெனி. ஸ்டிக்கரை மட்டும் நம்புகிறவர் அன்றைக்கு என்ன எழுதியிருப்பார்? மெக்சிகோ வண்டி என்று எழுதியிருப்பார்.

அதற்கப்புறம் மெர்க்ஸுக்கு ஃப்ரேம் கட்டியவர் ஊகோ டி ரோசா. அவையும் டி ரோசா பெயரில் ஓடவில்லை, மெர்க்ஸ் பெயரில் ஓடின. மிலான் நகரத்து விகோரெல்லி பந்தய மைதானத்தின் படிக்கட்டுகளுக்கு அடியிலேயே பட்டறை வைத்திருந்தவர் ஃபலியேரோ மாசி. நம் மாசி மாதத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அவர் கட்டிய ஃப்ரேம்களில் எத்தனையோ, வேறு கம்பெனிப் பெயர் எழுதிக்கொண்டு பந்தயத்துக்குப் போயின. வீரருக்குச் சம்பளம் கொடுப்பது ஒரு கம்பெனி. வீரரின் முதுகுக்கும் தொடைக்கும் பொருந்தும்படி ஃப்ரேம் கட்டத் தெரிந்தது வேறொரு கிழவருக்கு. கம்பெனி பெயரை எழுதும், கிழவர் இரும்பைச் சேர்ப்பார்.

இதனால்தான், ‘என்ன மாடல்?’ என்ற கேள்வியே சில நேரம் தடுமாறிப் போகிறது. பியாங்கி போன்ற பெரிய தொழிற்சாலை என்றால் மாடல் உண்டு, விலைப்பட்டியல் உண்டு. 1885-இல் மிலானில் தொடங்கிய கம்பெனி அது. அவர்களுடைய உச்ச மாடலுக்கு ஸ்பெசியலிஸ்ஸிமா என்று பெயர். வானமும் கடலும் கலந்ததுபோல ஒரு பச்சை நீலம் அவர்கள் அடையாளம். சிறு பட்டறையில் கதை வேறு. நீங்கள் போய் நின்றால் உங்கள் காலை அளப்பார், கையை அளப்பார், சாலையில் ஓட்டவா மைதானத்தில் ஓட்டவா என்று கேட்பார், அவ்வளவுதான். தையற்காரரிடம் போய் ‘இந்தச் சட்டை என்ன மாடல்’ என்று கேட்க முடியுமா? அங்கே கேட்க வேண்டிய கேள்வி, ‘யார் கை?’

“எண் இருக்குமே, எண்ணைப் பார்த்தால் தெரியாதா?” என்று ஒருவர் முன்வரிசையில் முணுமுணுக்கிறார். நல்ல கேள்வி. 1948-இல் வித்தோரியோ தே சிக்கா எடுத்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படம் பார்த்திருப்பீர்கள். போஸ்டர் ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் வேண்டும். வேலை கிடைத்த முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. அப்பாவும் பையனும் ரோம் நகரத்துப் பழைய சாமான் சந்தையில் தேடுகிறார்கள். ஒருவன் ஒரு ஃப்ரேமுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறான். அப்பாவுக்குச் சந்தேகம். எண்ணைக் காட்டு என்கிறார். அவன் காட்ட மறுக்கிறான். போலீஸ்காரர் வந்து எண்ணைப் படிக்கிறார். பொருந்தவில்லை. படம் பார்க்கிறவர் நெஞ்சு அடைத்துக்கொள்ளும் இடம் அது. நான் அந்தக் காட்சியை வேறொன்றுக்காகவும் பார்ப்பேன்: பெயிண்ட் மாறினாலும் இரும்பில் அடித்த எண் மாறாது என்று அந்த ஏழைத் தகப்பனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் ரேஸ் சைக்கிள் பட்டறைகள் பலவற்றில் எண் அடிக்கும் வழக்கமே இல்லை. அடித்தாலும் உயரத்தை மட்டும் அடிப்பார்கள், நம் 56 மாதிரி. எண் அடித்த பட்டறைகளிலும் எந்த எண் எந்த ஆண்டு என்று எழுதிவைத்த பேரேடு எல்லோரிடமும் இல்லை. ஆகவே எண் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், கிடைக்காவிட்டால் அழாதீர்கள். இரும்பைக் கேளுங்கள்.

முதலில் நாட்டைக் கேட்போம். இது இத்தாலிய வண்டிதானா? பெடல் அச்சு உட்காரும் கூடு இருக்கிறதே, பி.பி. என்று பட்டறையில் சொல்வது, அதைத் திறந்தால் நாடு தெரிந்துவிடும். இத்தாலியக் கூட்டின் அகலம் 70 மில்லிமீட்டர், ஆங்கிலேயக் கூடு 68. இத்தாலிய மரையின் விட்டம் 36 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை. மில்லிமீட்டரும் அங்குலமும் ஒரே ஓட்டையில் குடித்தனம் நடத்துகின்றன, பாருங்கள்! அதைவிட முக்கியம், இத்தாலியில் கூட்டின் இரண்டு பக்கமும் திருகிப் பூட்டும் கப்புகள் இரண்டுமே வலது மரை. ஆங்கில முறையில் செயின் பக்கத்துக் கப்பு எதிர் மரை.

நான் இந்த வண்டியை எங்கள் தெருப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். நாற்பது ஆண்டாகச் சைக்கிள் பிரிக்கிற கை அவருடையது. நம் ஊர் வண்டிகள் ஆங்கில வழி வந்தவை. செயின் பக்கம் என்றால் எதிர் மரை என்று அவர் கைக்கே தெரியும், மூளையைக் கேட்காது. ஸ்பானரைப் போட்டு வழக்கம்போல் திருகினார். அசையவில்லை. குழாயை மாட்டி நெம்பினார். அசையவில்லை. எண்ணெய் விட்டார், டீ குடித்துவிட்டு வந்தார், திரும்ப நெம்பினார். நான் மெதுவாக, “அண்ணே, மாத்திச் சுத்திப் பாருங்க” என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை உங்களுக்கு விவரிக்க மாட்டேன். மாற்றிச் சுற்றினார். ‘டக்’. கழன்றது. அவர் அரைமணி நேரமாகக் கழற்றவில்லை, இறுக்கியிருக்கிறார். “எவன்டா இப்படி மரை போட்டான்?” என்றார். அவர் கேட்டது நியாயம். செயின் பக்கம் வலது மரை போட்டால் ஓட்ட ஓட்டத் தளரும். உலகமே சொல்லியும் இத்தாலிக்காரர்கள் மாற்றவில்லை. இறுக்கமாகப் பூட்டினால் போதும் என்றார்கள். அந்தப் பிடிவாதம்தான் இன்றைக்கு நமக்கு அடையாளச் சீட்டு. நாடு இத்தாலி. ஒரு கேள்வி முடிந்தது.

அடுத்தது குழாய். சீட் போஸ்ட்டை உருவி வெர்னியரால் அளந்தேன். 27.2 மில்லிமீட்டர். இது என்ன சொல்கிறது? ஒரு சின்னக் கணக்கு. சீட் குழாயின் வெளி விட்டம் 28.6. மிலான் நகரத்துக் கொலம்பஸ் கம்பெனியின் எஸ்.எல். குழாய்க்கு மேல் பகுதியில் சுவர் கனம் 0.6 மில்லிமீட்டர். இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து 1.2. கழித்தால் 27.4. போஸ்ட் வழுக்கி இறங்கக் கொஞ்சம் இடம் விட்டால் 27.2. அதே கம்பெனியின் எஸ்.பி. குழாய்க்குச் சுவர் 0.7, ஆகவே போஸ்ட் இன்னும் சிறுக்கும். மட்டமான குழாய் என்றால் இன்னும் சிறுக்கும். ஒரு போஸ்ட்டின் அளவை வைத்து, சுவரைத் தொடாமலே சுவர் கனம் சொல்லிவிடலாம். இந்த ஃப்ரேமைக் கட்டியவர் விலை உயர்ந்த, மெல்லிய குழாயை வாங்கிக் கட்டியிருக்கிறார். மாடல் பெயர் தெரியாவிட்டால் என்ன, தரம் தெரிந்துவிட்டது.

இனி வயதுக்கு வருவோம். இங்கே ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். துல்லியோ கம்பன்யோலோ. முன்பாதியில் துல்லியம் இருக்கிறது, பின்பாதியில் கம்பன் இருக்கிறான். தமிழ்நாட்டில் பிறந்திருக்க வேண்டிய மனிதர். பிறந்தது 1901-இல், விச்சென்ஸா நகரத்தில். 1927 நவம்பர் 11 அன்று ஒரு மலைப்பந்தயத்தில் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார் என்று கதை சொல்வார்கள். குரோச்சே தௌனே என்ற கணவாய், தரையெல்லாம் பனி. அந்தக் காலத்தில் கியர் மாற்ற வேண்டுமென்றால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு அளவில் பல்சக்கரம். சக்கரத்தைப் பிடித்திருப்பது சிறகு வைத்த நட்டு. குளிரில் விரல் விறைத்துப்போய், நட்டைக் கழற்ற முடியாமல், பந்தயத்தைக் கோட்டைவிட்டார். ஒரே தட்டில் சக்கரம் கழன்று வரவேண்டும் என்ற யோசனை அங்கே பிறந்தது என்பார்கள். கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பின்னால் சேர்த்த மசாலா என்று சந்தேகப்படுகிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. கதை எப்படியோ போகட்டும், ஒரே தட்டில் சக்கரத்தை விடுவிக்கும் லீவர் உண்மை. 1933-இல் தொடங்கிய அவருடைய கம்பெனியின் சாமான் இல்லாத நல்ல இத்தாலிய ரேஸ் வண்டியைப் பிறகு முப்பது நாற்பது ஆண்டுகளுக்குத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நமக்கு அதில் என்ன லாபம்? அந்த மனிதர் சாமான்களில் தேதி போட்டார்! பின்பக்கக் கியர் மாற்றி, ‘நுவோவோ ரெக்கார்ட்’ என்று பெயர், 1967-இல் வந்தது. எழுபதுகளிலிருந்து அதன் உடம்பில் காப்புரிமை என்ற சொல்லின் சுருக்கமும் பக்கத்தில் இரண்டு இலக்கமும் இருக்கும். பலர் அதைக் காப்புரிமை வாங்கிய ஆண்டு என்று நினைக்கிறார்கள். இல்லை, அது ஏறக்குறைய அந்த உருப்படியைச் செய்த ஆண்டு. எங்கள் வண்டியில்? 80.

கிராங்கைக் கழற்றிப் பின்பக்கம் திருப்புங்கள். பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, நாற்பது ஆண்டு அழுக்கைத் தேயுங்கள். கறுப்பு கரைந்து அலுமினியம் வெளுக்கும்போது ஒரு சின்ன அடையாளம் எழும்பி வரும். டைமண்டுக்குள் ஓர் எண் இருந்தால் எழுபதுகள். வட்டத்துக்குள் எண் இருந்தால் எண்பதுகளின் தொடக்கம். டைமண்டுக்குள் 5 என்றால் 1975. எங்கள் கிராங்கில் வட்டம், வட்டத்துக்குள் 1. ஆக 1981.

முன்சக்கர ஹப்பின் லாக் நட்டைத் துடைத்தேன். அதன் முகத்தில் கம்பெனிப் பெயரின் சுருக்கமும் இரண்டு இலக்கமும். 72!

இப்போது என்ன சொல்வீர்கள்? ஒன்று 80 என்கிறது, ஒன்று 81 என்கிறது, ஒன்று 72 என்கிறது. எந்தச் சாட்சியை நம்புவது? நண்பருக்கு 72-தான் பிடித்தது. அது மெர்க்ஸ் சாதனை செய்த ஆண்டல்லவா! ஆனால் யோசியுங்கள். முன்சக்கரம் எந்த வண்டியிலிருந்தும் எந்த வண்டிக்கும் போகும். முன் ஃபோர்க்கின் அகலம் அன்றும் 100 மில்லிமீட்டர், பிறகும் 100. அப்பாவின் முன்சக்கரத்தை மகன் வண்டியில் மாட்டலாம், யாரும் தடுக்க முடியாது. பின்சக்கரம் அப்படியா? ஐந்து பல்சக்கரம் இருந்த காலத்தில் பின்பக்க அகலம் 120. ஆறாவது பல்சக்கரம் வந்தபோது 126 ஆயிற்று. எட்டு வந்தபோது 130. எங்கள் வண்டியின் பின்கால்களுக்கு நடுவில் அளந்தால் 126. எழுபதுகளின் தொடக்கத்து ஃப்ரேமாக இருந்தால் 120 இருக்க வேண்டும். நெம்பி அகலமாக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆக்கலாம், ஆக்கினவர்கள் உண்டு. ஆனால் நெம்பிய கால்களில், சக்கர அச்சு உட்காரும் முனைத்தகடுகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்காது, கொஞ்சம் கோணிக்கொள்ளும். இதில் இரண்டும் நேருக்கு நேர் நிற்கின்றன.

ஒன்று சொல்லட்டுமா? கியர், கிராங்க், ஹப் எல்லாமே ஸ்பானரால் கழற்றக்கூடிய சாட்சிகள். கழற்றக்கூடிய சாட்சியைக் கலைத்துவிடலாம். ரேஸ் ஓட்டுகிறவன் விழுவான், உடைப்பான், மாற்றுவான். நெருப்பு வைத்து ஃப்ரேமில் பற்றவைத்த சாட்சிதான் கலையாது. அதைப் பார்க்கலாம் வாருங்கள்.

அறுபதுகளில், எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டிய இத்தாலிய ஃப்ரேமைத் தடவிப் பார்த்தால் குழாய் வழவழவென்று இருக்கும். மேடு பள்ளம் கிடையாது. கியர் லீவர் வேண்டுமா? வளையம் போட்டுப் பூட்டுவார்கள். தண்ணீர்ப் பாட்டில் கூண்டு? வளையம். பிரேக் கேபிள் மேல்பாரில் ஓட வேண்டுமா? மூன்று பளபளப்பான வளையம். ஏன் இத்தனை வளையம்? மெல்லிய குழாயில் தேவையில்லாமல் நெருப்புக் காட்டினால் குழாய் பலவீனமாகும் என்ற பயம். பிறகு பயம் மெல்லத் தெளிந்தது. எழுபதுகள் நடக்க நடக்க ஒவ்வொரு வளையமாக உதிர்ந்தது, அந்தந்த இடத்தில் ஒவ்வொரு குமிழாகப் பற்றவைத்தார்கள். எண்பதுகளின் நடுவில் பார்த்தால் பாட்டிலுக்கு இரண்டு இடத்தில் மரை, பிரேக் கேபிள் மேல்பாருக்குள்ளேயே புகுந்து ஓடுகிறது, கியர் கேபிள் பி.பி. கூட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பள்ளத்தில் ஓடுகிறது. ஒரு குழந்தைக்குப் பல் முளைக்கிற வரிசைபோல இது. எந்தப் பல் வந்துவிட்டது, எந்தப் பல் இன்னும் வரவில்லை என்று பாருங்கள், வயது தெரியும்.

எங்கள் குழந்தைக்கு? கியர் லீவருக்குப் பற்றவைத்த குமிழ் வந்துவிட்டது. மேல்பாரில் பிரேக் கேபிளுக்குப் பற்றவைத்த சிறு வழிகள் வந்துவிட்டன. பாட்டிலுக்கு ஓர் இடத்தில் மட்டும்தான் மரை, இரண்டாவது வரவில்லை. கியர் கேபிள் இன்னும் பி.பி. கூட்டுக்கு மேலேதான் போகிறது; அடிக்குப் போகவில்லை. முன் கியர் மாற்றி இன்னும் வளையத்தில்தான் பூட்டியிருக்கிறது. இந்த வாய்க்கு என்ன வயது? எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் தொடக்கம். இப்போது கிராங்கின் வட்டத்துக்குள் இருக்கும் 1-ஐத் திரும்பப் பாருங்கள், கியரில் இருக்கும் 80-ஐப் பாருங்கள். இரும்பு சொன்னதையே அவையும் சொல்கின்றன. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் சினெல்லி ஸ்டெம்மில் சிறகு முளைத்த சி என்ற எழுத்து. சீனோ சினெல்லி, 1943-இல் மிலான் – சான் ரெமோ பந்தயத்தை ஜெயித்தவர், தன் கம்பெனியை எழுபதுகளின் கடைசியில் கொலம்பஸ் குழாய்க் குடும்பத்தாரிடம் கொடுத்தார். இந்தச் சிறகுச் சின்னம் அதற்குப் பிறகு வந்தது. அதுவும் பொருந்துகிறது. முன்சக்கரம் மட்டும் அண்டைவீட்டுப் பிள்ளை.

1979-க்கு முன் போகாது, 1983-ஐத் தாண்டாது. இது என் தீர்ப்பு. இதற்கு மேல் துல்லியமாக ஒரே ஆண்டைச் சொல்கிறவரிடம் ரசீது கேளுங்கள்.

இனி, தள்ளிப்போட்ட கேள்வி. இது கோல்நாகோதானா?

குழாய்கள் சேரும் மூட்டில் உறைபோல மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு இருக்கிறதே, அதற்கு லக் என்று பெயர். எழுபதுகளுக்குப் பிறகு நல்ல பட்டறைகள் தங்கள் கையெழுத்தை அந்த லக்கில், ஃபோர்க்கின் தோளில், பின்கால் குழாய்கள் சீட்டுக்கடியில் முடியும் மூடியில் போட்டார்கள். டி ரோசா என்றால் இதயம். கோல்நாகோ என்றால் கிளாவர். லக்கில் துளையாக வெட்டியிருப்பார், ஃபோர்க் தோளில் பொறித்திருப்பார். பெயிண்ட் பத்துமுறை மாறினாலும் அந்தக் கிளாவர் இருக்கும். இந்த ஃப்ரேம் முழுவதும் நான் விரலால் தடவினேன். லக்கில் இல்லை. ஃபோர்க் தோளில் இல்லை. பி.பி. கூட்டின் அடியில் இல்லை. இரும்பில் ஒரே ஒரு கிளாவர் கூட இல்லை. ஸ்டிக்கரில் மட்டும் மூன்று.

ஃபோர்க்கைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. தலைக்குழாய்க்குள் மறைந்திருக்கும் தண்டில், வெளிச்சமே படாத இடத்தில், நீலத்துக்கு அடியில் செங்கல் சிவப்பு. எப்போதோ சிவப்பாக இருந்த வண்டியை யாரோ நீலமாக்கி, பெயர் வாங்கிக்கொடுத்து விற்றிருக்கிறார்கள். இது கோல்நாகோ இல்லை. கோல்நாகோவைவிட மட்டமும் இல்லை. லக்கின் ஓரத்தை அரத்தால் காகிதம்போல் மெலிய வைத்திருக்கிற கையைப் பாருங்கள். பற்றுப் பித்தளை ஓர் இடத்தில் கூட வழிந்து நிற்கவில்லை. பெயர் தெரியாத ஒருவர், அவசரப்படாத ஒருவர்.

நண்பருக்கு முகம் வாடிவிட்டது. 25 ஆண்டும் ஒரு பெரிய பெயரும் ஒரே நாளில் போனால் யாருக்குத்தான் வாடாது? அவருக்கு நான் இன்னொரு ஆண்டைச் சொன்னேன். 1987. டஸ்கனியில் கயோலே என்ற சிற்றூரில், 1997-இல் 92 பேரோடு தொடங்கி இன்றைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் கூடுகிற எரோயிக்கா என்ற சைக்கிள் திருவிழா நடக்கிறது. வெள்ளை மண்சாலையில் பழைய வண்டிகள் மட்டும். அங்கே வண்டிக்கு எல்லைக்கோடு 1987. கியர் லீவர் சாய்வுக் குழாயில் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து தெரிய வேண்டும், பெடலில் கால் கூண்டும் வாரும் இருக்க வேண்டும். அந்த மூன்றும் ஏன்? எண்பதுகளின் நடுவில் ஷூவைக் கிளிக்கென்று பூட்டும் பெடல் வந்தது, கேபிள் டேப்புக்குள் ஒளிந்தது. கொஞ்ச காலத்தில் கியர் லீவரும் பிரேக் கைப்பிடிக்குள் குடிபோனது. இந்த வண்டி மூன்றிலும் தேறுகிறது. எரோயிக்கா வாசலில் ‘உன் அப்பா பெயர் என்ன’ என்று யாரும் கேட்பதில்லை.

“அப்ப ஸ்டிக்கரைச் சுரண்டிடவா சார்?” என்று கேட்டார். அது அவர் பாடு. இன்றுவரை சுரண்டவில்லை.

நேரமாகிவிட்டது, அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கடைசியாக ஒரு வேலை பாக்கி. கொலம்பஸின் நல்ல குழாயில் ஃபோர்க் தண்டின் உட்புறம், கீழ்முனையில், ஐந்து வரிகள் முறுக்கிக்கொண்டு மேலே போகும். தண்டு வளையாமல் இருக்க வைத்த வலு. சீட் போஸ்ட் கணக்கில் நான் சொன்னது சரியா தப்பா என்று அதைப் பார்த்தால் தெரியும். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே முன்சக்கரத்தையும் பிரேக்கையும் கழற்றிவிட்டுப் பார்க்கலாம் என்றிருந்தேன், நேரம் கிடைக்கவில்லை. ஃபோர்க்கைக் கழற்றிய அன்று தண்டுக்கு உள்ளே பார்க்கத் தோன்றவில்லை; அதனால் நானும் இன்னும் பார்க்கவில்லை. இதோ ஸ்பானர், இதோ டார்ச். முன்வரிசையில் அந்தச் சிவப்புச் சட்டைத் தம்பி, நீ மேலே வா. வண்டியைக் கவிழ்த்துப் பிடி, ஃபோர்க்குக்கு அடியிலிருந்து உள்ளே விரலை விட்டு எத்தனை வரி தட்டுகிறது என்று எண்ணி மைக்கில் சொல்.